வடிவாப் பாருங்கோ

(எமது பழைய மாணவியர் சங்கத்தின் நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

இந்த உரையில் “நாங்கள்” என்று சொல்லக் காரணம் உண்டு. மேடையில் நிற்பது ஒருத்திதான். ஆனால் இந்த உரையை எழுதியவர்கள் இருவர். ஆறாம் வகுப்பில் ஒரே வாங்கில் இருத்தப்பட்டு, உயர்தரம் முடியும்வரை அந்த வாங்கைப் பிரியாதவர்கள். பின்னர் இருவரும் வைத்தியர்களாகி, காலம் எங்கெங்கோ அலைத்து, கடைசியில் சிட்னி நகரில் பதினைந்து நிமிடக் கார்ப் பயணத் தூரத்தில் குடியிருக்கிறோம். ஒருத்தி குடும்ப வைத்தியர். மற்றவள் சத்திரசிகிச்சைக் கூடத்தில் மயக்க மருந்து கொடுப்பவள். இருவருக்கும் ஒரே வாரத்தில் லீவு கிடைக்கவில்லை. அதனால் ஒருத்தி வந்திருக்கிறாள். மற்றவள் இந்நேரம் கடமையில் இருக்கிறாள்.

சங்கத் தலைவி எங்களிடம் நாற்பது வயதுப் பெண்களும் நீரிழிவும் பற்றிப் பேசச் சொன்னார். அதை எங்களைவிட நன்றாகப் பேசக்கூடியவர்கள் இந்தச் சபையிலேயே பத்துப் பேராவது இருப்பார்கள். நாங்கள் கடலைப் பற்றிப் பேசலாமா என்று கேட்டோம். சிறிது யோசித்துவிட்டு, “சரி, ஆனால் நீட்டிப் போடாதேங்கோ” என்றார். முயற்சி செய்கிறோம்.

எங்கள் காலத்து மாணவிகளுக்குப் பழைய விஞ்ஞான ஆய்வுகூடம் நினைவிருக்கும். சுவரோரம் ஒரு கண்ணாடி அலுமாரி. அதற்குள் போமலின் போத்தல்கள் வரிசையாக இருந்தன. ஒன்றில் பாம்பு, ஒன்றில் கணவாய், ஒன்றில் தேரைக் குஞ்சுகள். கடைசிப் போத்தலில் ஒரு கடற்குதிரை. நிறமெல்லாம் போய் வெளிறி, வால் சுருண்டு, முதுகுச் செட்டை பாதி உடைந்து இருந்தது. அதை மேசையில் வைத்து எங்கள் விலங்கியல் ரீச்சர் சொல்வார்: “போத்தலைத் தொடாதேங்கோ பிள்ளையள். வடிவாப் பாருங்கோ. பார்த்ததை மட்டும் கீறுங்கோ.” எங்களில் ஒருத்தி புத்தகத்தைப் பார்த்து முழுச் செட்டையையும் அழகாகக் கீறிக் கொண்டுபோனாள். ரீச்சர் சிவப்புப் பேனையை எடுத்து அதன் மேல் ஒரு கோடு போட்டுவிட்டு, “இதை எங்கை பிள்ளை கண்டனீர்?” என்று கேட்டார். முப்பது வருடமாகியும் அந்தக் கேள்வி எங்களை விட்டுப் போகவில்லை. இன்று நாங்கள் சொல்லப்போவதெல்லாம் அந்த ஒரு பாடத்தைப் பற்றியதுதான்.

நாங்கள் கடலுக்கு அருகில் வளர்ந்தோம். ஆனால் கடலை அறியாமல் வளர்ந்தோம். எங்கள் பள்ளிக் காலத்தில் கரையின் பெரும்பகுதி போகக்கூடாத இடமாக இருந்தது. தொழிலுக்குப் போகிறவர்களுக்கே நேரமும் எல்லையும் குறிக்கப்பட்டிருந்தன. பெண்பிள்ளைகளைக் கடற்கரைக்கு யார் அனுப்புவார்கள்? 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் இடப்பெயர்வில் சனத்தோடு சனமாக நாவற்குழிப் பாலத்தைக் கடந்தபோது இரண்டு பக்கமும் தண்ணீர். நீந்தத் தெரியாதவர்களுக்கு இரண்டு பக்கமும் பயம். அன்று எங்கள் கைகளைப் பிடித்திருந்த அம்மாமாருக்கும் நீந்தத் தெரியாது. 2004 மார்கழியில் ஆழிப்பேரலை வந்தபோது மருத்துவ மாணவிகளாக முகாம்களில் வேலை செய்தோம். அதன் பிறகு நெடுங்காலம் கடல் என்ற பேச்சையே நாங்கள் எடுக்கவில்லை.

அவுஸ்திரேலியாவில் பிள்ளைகளுக்குச் சிறு வயதிலேயே நீச்சல் பழக்குவார்கள். எங்களில் ஒருத்தியின் மகளை நீச்சல் வகுப்புக்குக் கூட்டிக்கொண்டு போய், தடாகத்தின் கரையில் இருவரும் கதைத்துக்கொண்டிருப்போம். ஒருநாள் மகள் கேட்டாள்: “அம்மா, நான் விழுந்தால் நீங்கள் ரீச்சரைக் கூப்பிடுவீர்கள். நீங்கள் விழுந்தால் யாரைக் கூப்பிடுவது?” அந்த வாரமே பெரியவர்களுக்கான வகுப்பில் பெயர் கொடுத்தோம். எங்களுக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. முதல் மூன்று மாதம் மூக்கால் குடித்த தண்ணீர் கொஞ்சநஞ்சமல்ல. நீச்சல் வந்தபிறகு, பயம் முற்றாகப் போகவேண்டும் என்றால் அடியில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது. நாற்பதாவது வயதில் சுழியோடப் பழகினோம்.

சுழியோடி என்பது எங்களுக்குப் புதிய சொல் அல்ல. மன்னார்க் கடலில் முத்துக்குளித்தவர்கள் கல்லின் பாரத்தில் அடிக்குப் போய், ஒரு மூச்சுக்குள் சிப்பிகளைப் பொறுக்கிக்கொண்டு வருவார்கள். மேலே தோணியில் ஒருவர் கயிற்றைப் பிடித்தபடி காத்திருப்பார். இன்று முதுகில் வளிச் சிலிண்டர் இருக்கிறது, கயிறு இல்லை. கயிற்றுக்குப் பதிலாகக் கூட வருகிற துணை. ஒருவர் தனியே போவதில்லை என்பது இந்தப் பழக்கத்தின் அடிப்படை. அதனால்தான் இந்தக் கதையில் எல்லாமே “நாங்கள்”.

இதில் வைத்தியர்களான எங்களுக்குப் பிடித்த ஒரு விதி உண்டு: நீருக்குள் மூச்சை ஒருபோதும் அடக்கக்கூடாது. பத்து மீற்றர் ஆழத்தில் அமுக்கம் மேற்பரப்பில் உள்ளதைப்போல் இரு மடங்கு. அங்கே நிரப்பிய நுரையீரலை அடக்கிக்கொண்டு மேலே வந்தால், உள்ளே இருக்கும் வளி இரு மடங்காக விரியும், நுரையீரல் கிழியலாம். ஆகவே பயம் வரும்போது முதலில் செய்யவேண்டியது மூச்சுவிடுவது. தங்கைமாரே, இது பரீட்சை மண்டபத்துக்கும் பொருந்தும்.

எங்கள் வழக்கமான இடம் சிட்னித் துறைமுகத்துக்குள் இருக்கும் கிளிப்டன் கார்டன்ஸ். சவுடர் பே என்னும் சிறு குடாவின் கரை. அங்கே ஓர் இறங்குதுறையும், குளிப்பவர்களுக்காகக் கட்டிய வலைத் தடுப்பும் இருக்கின்றன. படகு வேண்டாம். காரை நிறுத்தி, புற்றரையில் உடை மாற்றி, இருபத்தைந்து கிலோவுக்குக் குறையாத பாரத்தைச் சுமந்துகொண்டு, மணலில் நடந்து நேரே தண்ணீருக்குள் இறங்கவேண்டியதுதான். அருகில் குடும்பங்கள் மீன் பொரியலும் உருளைக்கிழங்கும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும். கறுப்பு உடையில் இரண்டு நடுவயதுத் தமிழ்ப் பெண்கள் தாரா நடை நடந்து கடலுக்குள் போவதைக் குழந்தைகள் வாயைப் பிளந்து பார்ப்பார்கள். ஆழம் பத்து மீற்றருக்கும் குறைவு. குளிர்காலத்தில் நீர் 15, 16 பாகைக்கு இறங்கும். சில நாட்களில் நீட்டிய கை தெரியாத கலங்கல். பவளப்பாறைப் படங்களைப் பார்த்துவிட்டு அங்கே வருபவர்களுக்கு ஏமாற்றமாகத்தான் இருக்கும். மணல், சேறு, பாசி பிடித்த தூண்கள், பழைய வலை. முதல் நான்கு தடவையும் நாங்கள் கண்டது அவ்வளவுதான்.

ஐந்தாவது தடவை ஒரு மூத்த சுழியோடி எங்களோடு வந்தார். எழுபது வயதைத் தாண்டிய பெண்மணி. அவர் நீந்தவே இல்லை. வலையோரம் ஓரிடத்தில் நின்று, ஒரு கைவிரிப்பு அகலத்தை ஐந்து நிமிடம் பார்த்தார். பிறகு எங்களை அழைத்து விரலால் காட்டினார். நாங்கள் பார்த்தோம், பாசிதான் தெரிந்தது. மறுபடியும் காட்டினார். அப்போது பாசியின் நடுவே ஒரு கண் உருண்டது. அந்தக் கண்ணிலிருந்து மூக்கு, மூக்கிலிருந்து கழுத்து, கழுத்திலிருந்து வலைக்கயிற்றைச் சுற்றிப் பிடித்த வால் என்று ஒவ்வொன்றாகத் தோன்றியது. போத்தலுக்குள் வெளிறிக் கிடந்த அந்தக் கடற்குதிரைதான். உயிரோடு, மஞ்சளும் கபிலமுமாக, தலையில் ஒரு சிறு முடியோடு. முதுகுச் செட்டை முழுதாக இருந்தது, விசிறிபோல் துடித்துக்கொண்டிருந்தது. ரீச்சர், கடைசியில் அதைக் கண்டுவிட்டோம்!

அன்றிலிருந்து தேடுவதன் முறையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கற்றோம். முதலில், உயிரினத்தைத் தேடக்கூடாது. அது இருக்கக்கூடிய இடத்தைத் தேடவேண்டும். கடற்குதிரை நீந்துவதில் கெட்டிக்காரி அல்ல. ஆகவே வாலால் பிடிக்க ஏதாவது இருக்கும் இடத்தில்தான் நிற்கும். பாசியும் கடற்பஞ்சும் அடர்ந்து வளர்ந்த வலைப்பகுதி அதற்குப் பிடித்தமானது. இரண்டாவது, முழு உருவத்தைத் தேடக்கூடாது. கண், வால், நேர்கோடு, நிழல் என்று ஒரு துண்டைத் தேடவேண்டும். பாசிக்கு நேர்கோடு கிடையாது. மூன்றாவது, எல்லாம் ஒரு பக்கம் அசையும்போது எது அசையாமல் நிற்கிறது, எல்லாம் நிற்கும்போது எது அசைகிறது என்று கவனிக்கவேண்டும். நான்காவது, ரோச் லைற்றை நேரே அடிக்காமல் பக்கத்திலிருந்து பிடித்தால் மேடுபள்ளம் தெரியும். எல்லாவற்றுக்கும் மேலாக, செட்டைக்கால்களை அடிக்கக்கூடாது. ஒரு தரம் சேறு கிளம்பினால் அன்றைய பார்வை முடிந்தது.

மருத்துவபீடத்தில் நோயாளியைப் பரிசோதிக்கும் ஒழுங்கை நான்கு சொல்லில் படிப்பித்தார்கள்: பார், தொட்டுப் பார், தட்டிப் பார், கேட்டுப் பார். நாங்கள் எல்லோரும் முதலாவதை அவசரமாக முடித்துவிட்டு இரண்டாவதுக்கு ஓடுவோம். இப்போதெல்லாம் நான்கையும் விட்டுவிட்டு ஸ்கானுக்கு எழுதுகிறோம். கடலில் முதலாவது மட்டுமே அனுமதி. அதை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு மணித்தியாலம் இருந்து பாருங்கள், எவ்வளவு தெரியவருகிறது என்று.

நாங்கள் கண்டது அவுஸ்திரேலியாவின் கிழக்குக் கரைக்கே உரிய இனம். ஆங்கிலத்தில் வைற்ஸ் கடற்குதிரை என்பார்கள். 1788இல் சிட்னிக்கு வந்த முதற் கப்பல் தொகுதியின் தலைமைச் சத்திரசிகிச்சை வைத்தியர் ஜோன் வைற்றின் பெயர் அது. 1855இல் இந்த இனத்தை விபரித்து அப்பெயரைச் சூட்டியவர் பீற்றர் பிளீக்கர்; அவரும் வைத்தியர்தான், டச்சு இராணுவத்தில் பத்தாவியாவில் பணியாற்றியவர். ஆக, ஒரு வைத்தியருக்காக இன்னொரு வைத்தியர் வைத்த பெயர். எங்களுக்கு அதில் கொஞ்சம் பெருமை.

கடற்குதிரைக்கு இரைப்பையும் இல்லை, பல்லும் இல்லை. அதனால் பகல் முழுக்கச் சின்னஞ்சிறு இறால் போன்றவற்றை உறிஞ்சிக்கொண்டே இருக்கவேண்டும். கருவைச் சுமப்பது ஆண். பெண் தன் முட்டைகளை ஆணின் வயிற்றுப் பைக்குள் விட, அவர் ஏறத்தாழ மூன்று வாரம் சுமந்து, நூறுக்கும் மேற்பட்ட குஞ்சுகளைப் பெறுவார். இதைச் சொன்னால் எங்கள் கிளினிக்கில் கர்ப்பிணிப் பெண்கள் எல்லோரும் சிரிப்பார்கள். கூட வந்த கணவர்மார் சிரிப்பதில்லை. காட்டில் மிருகங்களைப் பின்தொடர்ந்து ஆராய்வதுபோலக் கடற்குதிரைகளை அவை வாழும் இடத்திலேயே முதன்முதலில் ஆராய்ந்தவர் அமண்டா வின்சன்ட் என்னும் பெண் விஞ்ஞானி. இந்த இனத்தை அவர் சிட்னித் துறைமுகத்தில்தான் கவனித்தார். ஆணும் பெண்ணும் சோடி பிரியாமல் ஒவ்வொரு காலையிலும் சந்தித்து வணக்கம் சொல்லிக்கொள்வதைக் கண்டு எழுதினார். அதற்காக அவர் எத்தனை மணித்தியாலம் அசையாமல் நீருக்குள் இருந்திருப்பார் என்று இப்போது எங்களுக்கு விளங்குகிறது.

தொடக்கூடாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதே குடாவில் நீலக்கோட்டு ஒக்டோபஸ் இருக்கிறது. உள்ளங்கைக்குள் அடங்கும். வெறும் சங்குக்குள்ளும் போத்தலுக்குள்ளும் ஒளிந்திருக்கும். கோபம் வந்தால்தான் நீலக்கோடுகள் மின்னும். கடித்தது தெரியாமலே போகலாம். எங்கள் ஊர்ப் பேத்தை மீனில் இருக்கும் அதே நஞ்சுதான் அதன் உமிழ்நீரில். நரம்புகளை அடைத்து, மூச்சுவிடும் தசைகளையும் நிறுத்திவிடும். ஆளுக்கு நினைவு தப்பாமலும் இருக்கலாம். மாற்று மருந்து இல்லை. நஞ்சு தணியும்வரை வேறொருவர் அவருக்காக மூச்சுக் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டும். எங்களில் மயக்க மருந்து கொடுப்பவள் தினமும் செய்யும் வேலை அது. ஆனாலும் கடற்கரையில் செய்ய விருப்பமில்லை என்கிறாள். ஆகவே வடிவான சங்கைக் கண்டால் வடிவாகப் பாருங்கள். எடுக்காதீர்கள்.

இனிப் படம் பிடிப்பதற்கு வருவோம். எங்களிடம் இருப்பது ஒரு சிறிய கமராவும் நீர் புகாத பெட்டியும். பெட்டியை மூடும் இறப்பர் வளையத்தில் ஒரு தலைமயிர் கிடந்தாலே உப்புநீர் உள்ளே வந்துவிடும். முதல் கமரா அப்படித்தான் போனது. நீருக்குள் சிவப்பு நிறம் முதலில் மறையும். சில மீற்றருக்குள்ளேயே எல்லாம் நீலமும் பச்சையுமாகிவிடும். ஆகவே வெளிச்சத்தை நாங்களே கொண்டுபோகவேண்டும். அதை நேரே அடித்தால் மிதக்கும் தூசியெல்லாம் மின்னி, படம் மார்கழிப் பனிபோல் ஆகும். விளக்கைப் பக்கத்தில் வைத்து, தண்ணீர் குறுக்கே அதிகம் இல்லாதபடி கிட்டப் போகவேண்டும். இந்த “கிட்டப் போகவேண்டும்” என்பதில்தான் ஆபத்து இருக்கிறது. நாங்கள் அதில் ஒருமுறை தவறினோம்.

சென்ற வருடம் நூற்றாண்டு மலர்க்குழு எங்களிடம் ஒரு படம் கேட்டிருந்தது. பள்ளிக்குப் போகும் படம். சாதாரணமாக இருக்கக்கூடாது என்று நினைத்தோம். மாசி மாதத்து வெள்ளிக்கிழமை, வேலை முடிந்து, பொழுதுபடும் நேரம் இறங்கினோம். வலையின் மூலையில் ஓர் ஆண் கடற்குதிரை, பை நிறைந்து, நாளையோ மறுநாளோ என்ற நிலை. எங்களில் ஒருத்தியிடம் கமரா, மற்றவள் துணை. கமராவைத் திருப்பினால் அது முதுகைக் காட்டியது. மறுபக்கம் போனால் மறுபடியும் முதுகு. பத்து நிமிடம், பதினைந்து நிமிடம். துணையாக வந்தவள் சற்றுத் தள்ளி வேறொன்றைத் தேடப் போய்விட்டாள். கமராவோடு இருந்தவள் கடைசியில் ஒரு விரலை நீட்டினாள். அது பிடித்திருந்த பாசித் தண்டை மெல்ல ஒதுக்கினாள். அவ்வளவுதான். அது திரும்பியது. கண், முடி, நிறைந்த பை, எல்லாம் ஒரே படத்தில். பிளாஷ் அடித்தது. அடுத்த கணம் வால் விட்டுப்போனது.

அந்நேரம் ஒரு படகு கடந்து போயிருக்கவேண்டும். அலையின் இழுப்பு வந்தது. பிடி இல்லாத கடற்குதிரை தலைகீழாகப் புரண்டு, சின்னச் செட்டையை அடித்தபடி, இருட்டுக்குள் போய்விட்டது. அதைத் தேடி அவள் வேகமாகக் காலை அடித்தாள்; சேறு கிளம்பியது. ரோச் வெளிச்சத்தில் வெள்ளைச் சுவர். திரும்பினால் துணையும் இல்லை. அமுக்கமானியைப் பார்த்தாள். இறங்கும்போது 200. கரைக்குத் திரும்ப 100இலேயே புறப்படவேண்டும் என்பது எங்கள் விதி. 50 மீதம் இருக்கக் கரையில் நிற்கவேண்டும். அது 40 காட்டியது.

துணையைத் தவறவிட்டால் ஒரு நிமிடம் சுற்றிப் பார்த்துவிட்டு மேலே வரவேண்டும். இருவரும் தனித்தனியே அதைத்தான் செய்தோம். மேலே வந்தபோது இருட்டில் இரண்டு விளக்குகள், முப்பது மீற்றர் இடைவெளியில். அந்த ஒரு நிமிடத்தில் இருவர் மனதிலும் ஓடியவற்றை இங்கே சொல்லமாட்டோம். இரு வீட்டிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

கரையில் வெகுநேரம் கதைக்காமல் இருந்தோம். யார் தொட்டது, யார் தள்ளிப் போனது என்று தயவுசெய்து கேட்காதீர்கள். எங்கள் தோழிகள் கேட்டுப் பார்த்துவிட்டார்கள். இருவரும் “நாங்கள்” என்றுதான் சொன்னோம். அதுதான் உண்மையும். ஒருத்தி தொட்டாள். ஒருத்தி பார்க்காமல் போனாள்.

காரில் வைத்துப் படத்தைப் பார்த்தோம். நாங்கள் எடுத்தவற்றில் அதைப்போல் வந்த படம் வேறில்லை. எந்த மலரின் அட்டைக்கும் போதுமானது. ஆனால் ரீச்சரின் கேள்வி வந்தது: இதை எங்கை பிள்ளை கண்டனீர்? அது நாங்கள் கண்டது அல்ல. நாங்கள் செய்தது. பிரசவ அறையில் ஒரு தாயை நல்ல படத்துக்காக நாங்கள் திருப்பிப் படுக்கவைப்போமா? பிளாஷ் வெளிச்சத்தைவிடக் கையால் தொட்டு நகர்த்துவதுதான் இப்படிப்பட்ட சிறு மீன்களைக் கூடுதலாகப் பாதிக்கிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதை முன்பே வாசித்திருந்தோம். வாசித்திருந்தும் விரல் நீண்டது. பேராசைக்குப் பட்டம் தடையில்லை என்பதை அன்று அறிந்தோம்.

அந்தப் படத்தை அழித்துவிட்டோம். அடுத்த மூன்று வாரமும் போய்த் தேடினோம். அந்த மூலையில் வேறு கடற்குதிரைகளைக் கண்டோம், அவரைக் காணவில்லை. வேறிடம் பிடித்துக்கொண்டு நலமாகப் பெற்றிருக்கலாம் என்று எங்களுக்கு நாங்களே சொல்லிக்கொள்கிறோம்.

அதன்பின் எங்களுக்குள் நான்கு விதிகள் வைத்திருக்கிறோம். ஓர் உயிருக்கு ஐந்து படம். அதற்கு மேல் இல்லை. அது முகத்தைத் திருப்பினால் கமராவைக் கீழே இறக்கவேண்டும். அது எங்களுக்குப் பதில் சொல்லிவிட்டது. ஒருத்தி படமெடுக்கும்போது மற்றவள் தேடப்போகக்கூடாது. அவள் வேலை கமராக்காரியையும் அமுக்கமானியையும் பார்ப்பது. நான்காவது, பார்த்ததை மட்டும் எடு.

இப்போது திரையில் தெரிவது நாங்கள் மலருக்குக் கொடுத்த படம். ஆம், முதுகுதான். அன்று விரல் நீட்டுவதற்கு முன் எடுத்தது. வலைக்கயிறு, பாசி, நடுவில் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும் ஒரு தந்தை. கொஞ்சம் மங்கல். மலர்க்குழுவினர், “வேறு படம் இல்லையா?” என்று பணிவாகக் கேட்டார்கள். இல்லை என்றோம்.

நல்ல செய்தியும் இருக்கிறது. இந்த இனம் 2017இல் அருகிவரும் உயிரினங்களின் உலகப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. வாழிடம் அழிந்ததே முக்கிய காரணம். ஆராய்ச்சியாளர்கள் நண்டுக் கூட்டைப்போன்ற கம்பிச் சட்டகங்களைக் கடலடியில் வைத்தார்கள். அதைக் கடற்குதிரை விடுதி என்று அழைக்கிறார்கள். சில மாதத்தில் அதன்மேல் பாசியும் பஞ்சும் வளரும். காலப்போக்கில் கம்பி துருப்பிடித்துக் கரைந்துபோக, வளர்ந்தவை மட்டும் மிஞ்சும். தொட்டியில் வளர்த்த குஞ்சுகளை 2020இல் சிட்னித் துறைமுகத்தில் விட்டார்கள். நாங்கள் இறங்கும் அதே குடாவில்தான். எங்களைப் போன்ற பொழுதுபோக்குக்காரரின் படங்களும், இடமும் திகதியும் சரியாகக் குறிக்கப்பட்டால், எது எங்கே இருக்கிறது என்று அறிய உதவுகின்றன. முதுகுப் படமும் உதவும். அறிவுக்கு முகம் வேண்டுமென்றில்லை.

இதையெல்லாம் சிட்னிக் கதையென்று விட்டுவிடாதீர்கள். எங்கள் களப்புகளிலும் சாதாழைப் படுக்கைகளிலும் கடற்குதிரைகள் வாழ்கின்றன. கருவாடாக உலர்த்திக் கடல்தாண்டி விற்கப்பட்ட காலம் ஒன்று இருந்தது. 2004ஆம் ஆண்டிலிருந்து அவற்றின் சர்வதேச வர்த்தகம் உடன்படிக்கையொன்றின் கீழ்க் கட்டுப்படுத்தப்பட்டுள்ளது. கடலடியை வாரி இழுக்கும் இழுவைமடி எங்கள் கடலுக்கு என்ன செய்தது என்பதை மீனவக் குடும்பத்துப் பிள்ளைகள் எங்களைவிட நன்கு அறிவார்கள். 2017இல் அது இலங்கையில் சட்டத்தால் தடைசெய்யப்பட்டது. சட்டம் வந்தது நல்லது. ஆனால் அடியில் என்ன இருந்தது, இன்று என்ன இருக்கிறது என்று பார்த்தவர்கள் எங்களுக்குள் எத்தனை பேர்? சங்குக்கும் அட்டைக்கும் எங்கள் ஆண்கள் தலைமுறை தலைமுறையாகச் சுழியோடினார்கள். பெண்பிள்ளைகள் கரையிலேயே நின்றோம். பிறகு கரையும் இல்லாமல் போனது. இப்போது கரை திரும்பக் கிடைத்திருக்கிறது.

ஆகவே பழைய மாணவியர் சங்கத்திடம் இரண்டு விண்ணப்பம். முதலாவது, எமது பள்ளியிலிருந்து வெளியேறும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நீந்தத் தெரிந்திருக்கவேண்டும். தடாகம் கட்டுவது பெரிய வேலை. ஆனால் பெண் பயிற்றுநர் ஒருவருக்கான கொடுப்பனவும், இருக்கிற தடாகமொன்றுக்குப் போய்வரப் பேருந்துச் செலவும் எங்களால் முடிந்தவை. எங்கள் வகுப்பு அதன் முதல் வருடச் செலவைப் பொறுப்பேற்கிறது. தண்ணீருக்குப் பயந்து பாலம் கடந்த பிள்ளைகள் நாங்களே கடைசியாக இருக்கட்டும்.

இரண்டாவது, புதிய ஆய்வுகூடத்தில் அந்தப் போத்தல் இன்னும் இருக்கிறதாம். நேற்றுப் போய்ப் பார்த்தோம். இருக்கிறது. அதை எறிந்துவிடாதீர்கள். அதன் அருகில் இந்த முதுகுப் படத்தையும் மாட்டிவிடுங்கள். எப்போதாவது ஒரு பிள்ளை, “ஏன் ரீச்சர் இது மற்றப் பக்கம் திரும்பி நிக்குது?” என்று கேட்கும். அப்போது அந்த ஆசிரியை இந்தக் கதையைச் சொல்லட்டும்.

எங்கள் விலங்கியல் ரீச்சர் இன்று எங்களோடு இல்லை. இருந்திருந்தால் முன்வரிசையில் அமர்ந்து, எங்கள் தமிழில் இரண்டு பிழையாவது பிடித்திருப்பார். அவரிடம் சொல்ல நினைத்ததை உங்களிடம் சொல்லி முடிக்கிறோம்: ரீச்சர், தொட்டுவிட்டோம், மன்னியுங்கோ. இனி வடிவாப் பாப்பம்.

எமது கல்லூரி இன்னும் பல நூற்றாண்டு வாழ்க!